கருவி காணும் கும்மிடிப்பூண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள பொன்னேரி, மத்திய அரசின் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் உள்ள ஊர்.

சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் உருவாக்கப்படவேண்டிய மூன்று திறன்மிகு நகரங்களுள் ஒன்றாகப் பொன்னேரி 2014 ஜூலை மாத மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் 2015 ஜூனில் தொடங்கிய, 100 நகரங்களுக்கான திறன்மிகு நகரங்கள் இயக்கம் அதனின்று வேறானது. அதில் இடம்பெற்ற 11 தமிழக நகரங்களுள் பொன்னேரி இல்லை. முன்னது புதிய தொழில் நகரத்துக்கு நிலமும் சாலையும் துறைமுக இணைப்பும் தேடும் முயற்சி, பின்னது ஏற்கெனவே மக்கள் வாழும் நகரங்களின் வசதிகளைச் சீர்செய்யும் முயற்சி. வழித்தடத்தின் மற்ற இரண்டு ஊர்களான கிருஷ்ணபட்டினத்துக்கும் துமகூருவுக்கும் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோதும் பொன்னேரி அதில் சேரவில்லை. மனை விளம்பரங்களுக்கு இந்த வேறுபாடுகள் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

நம்பிக்கை: காற்றுத் தரக் குறியீடு நன்றாக இருந்தால் காற்றும் நன்றாக இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உருக்காலைகளும் வார்ப்பாலைகளும், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தை மீட்கும் உலைகளும் அருகருகே இயங்குகின்றன. ஊரின் காற்றை இடைவிடாமல் அளக்கும் தானியங்கி நிலையம் அந்தோணிப் பிள்ளை நகரில் இருக்கிறது. அதன் அளவீடுகளைக் கைப்பேசியிலேயே எவரும் பார்க்கலாம். அங்கே தெரியும் எண், பல மாசுகளுள் எது தன் வரம்போடு ஒப்பிட மிக மோசமாக உள்ளதோ அதன் மதிப்பையே ஊருக்கான ஒற்றை எண்ணாகத் தருவது. 2014இல் இக்குறியீடு வகுக்கப்பட்டபோது கணக்கில் எடுக்கப்பட்ட எட்டு மாசுகளுள் ஈயமும் ஒன்று. ஆயினும் ஈயத்தை அறியக் காற்றை வடிதாளின் வழியே பல மணி நேரம் இழுத்து, அதில் படிந்த தூசியை ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கவேண்டியிருப்பதால், உடனுக்குடன் திரையில் தோன்றும் எண்ணில் அது இடம்பெறுவதில்லை. ஈய உலைகள் உள்ள ஊரில் ஈயத்தை விட்டுவிட்டு வரும் எண், பொய் சொல்வதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை, அவ்வளவே. இன்னொன்றும் உண்டு: நுண்துகள்களின் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நள்ளிரவில் இரண்டு மணி நேரம் கிளம்பும் கரும்புகை பகலின் தெளிந்த காற்றோடு கலந்து கரைந்துவிடுகிறது, நிலையம் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் இருந்தால் அந்தப் புகை கணக்கிலேயே வராமலும் போகலாம். மிகுந்த மாசு ஏற்படுத்தும் 17 வகை ஆலைகள் தம் புகைபோக்கியிலேயே தொடர் அளவுமானிகளைப் பொருத்தவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கிறது. ஆனால் அக்கருவியை வாங்கிப் பொருத்திப் பராமரிப்பது அளக்கப்படும் ஆலையேதான்.

நம்பிக்கை: செயற்கைக்கோள் படமும் கணினி வரைபடமும் வந்தபின் நேரில் சென்று பார்க்கும் ஆய்வு தேவையில்லை.

1914–15இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதிய நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ், திட்டத்துக்கு முன் கள ஆய்வு வேண்டும் என்றார். நிலத்தைப் பற்றிய பலவகைத் தகவல்களை ஒரே வரைபடத்தில் அடுக்கிக் காட்டும் புவியியல் தகவல் முறைமையால் அந்தத் தேவை நீங்கிவிடவில்லை. ஏனெனில் அது வருவாய்த்துறைப் பதிவேட்டின் வகைப்பாட்டையே பெரும்பாலும் மின்வடிவில் சுமந்துவருகிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்காக எடுக்கப்பட்ட ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது கால்நடை மேய்வதற்கான பொது நிலம். அதை ஊர்மக்களோ, ஆடுமாடுகளுக்கும் விறகுக்கும் ஏரிகளுக்கு வரும் நீருக்கும் ஆதாரமான காடு என்றே கருதிப் போராடினர். மரங்கள் படத்தில் தெரியும்; அவற்றை நம்பி யார் வாழ்கிறார்கள் என்பது தெரியாது.

நம்பிக்கை: நல்ல தரவு முன்பே கிடைத்திருந்தால் தவறுகள் நேர்ந்திருக்காது.

இதற்கு, பொன்னேரிக்கு அருகிலுள்ள மீஞ்சூரின் நிலத்தடி நீரே மறுப்பு. அவ்வூர் அமைந்த ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் கடல்நீர் நன்னீர் அடுக்குகளுக்குள் ஊடுருவுவது, கிணற்று நீரின் உப்பை அளக்கும் எளிய முறையாலேயே 1960களின் இறுதியில் கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் ஆழ்குழாய்கள் நிற்கவில்லை. நீர் எடுப்பதை முறைப்படுத்தும் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் 1987இல்தான் வந்தது. அதற்குள் உப்பு மேலும் பல கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்திருந்தது. கிணறுகள் உவர்த்துப்போன அதே மீஞ்சூரின் கடற்கரையில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அந்த நீர் சென்னைக்குப் போகிறது.