செயலி அறிந்து லினக்ஸ் நிறுவுதல்

பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூரில் காலணி செய்வோர், காலின் அளவை அறிந்த பின்னரே தோலை வெட்டுவர். கணினியில் லினக்ஸ் நிறுவுவோரும் முதற்கண் செயலியின் வகையை அறிதல் வேண்டும்.

மாணவர்களே! இன்டெல், ஏஎம்டி செயலிகள் 32 பிட், 64 பிட் என இருவகைப்படும். 32 பிட் செயலியில் 64 பிட் லினக்ஸ் இயங்காது; 64 பிட் செயலியிலோ இரண்டும் இயங்கும். ஆயினும் அதற்கு 64 பிட் பதிப்பே சிறந்தது. 32 பிட் பதிப்பில் ஒரு நிரல் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்த இயலாது.

பெயர் கண்டு மயங்கற்க. ‘ஏஎம்டி64’ என்னும் பதிப்பு ஏஎம்டி செயலிக்கே உரியதன்று. அவ்வகைச் செயலியை 2003-இல் அந்நிறுவனம் முதலில் வெளியிட்டமையால் அப்பெயர் வந்தது. இன்டெலின் 64 பிட் செயலிகட்கும் அதுவே ஏற்றது. ஆர்ம் செயலிக்கு வேறு பதிப்பு வேண்டும்.

விண்டோஸ் உள்ள கணினியாயின், அமைப்புகளில் ‘கணினி பற்றி’ என்னும் பகுதி செயலியின் வகையைக் காட்டும்.

2011 முதல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் ‘பாஸ்’ லினக்ஸ் இடம்பெற்றது. அதற்கு அடிப்படையான டெபியன், 2025-இல் வெளிவந்த தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. ஆதலின், புதிய பதிப்பை ஏற்காத பழங்கணினியைப் பழுதென்று எறிந்துவிடலாகாது. அதற்குப் பொருந்தும் பதிப்பைத் தேடுதலே அறிவுடைமையாகும்.