உப்பில் கலந்த மருந்து

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்த ஊர் மரக்காணம். பழந்தமிழ்ப் புலவர் பாடிய ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். ஊரை அடுத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிப்பர் அளத்துத் தொழிலாளர். பண்டைக் காலத்தில் உமணர் என்போர் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்தோறும் கொண்டு சென்றனர். செல்வர் இல்லத்திற்கும் ஏழையின் குடிசைக்கும் ஒருங்கே செல்லும் பொருள் உப்பு. அதனை நாள்தோறும் உண்ணாதார் இலர். எளிய இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு மருத்துவர்கள் ஒரு கொடிய நோயை எதிர்த்த வரலாறு நாம் அறியத்தக்கது.

அந்நோய் யானைக்கால் நோயாகும். முன்னாளில் நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் இந்நோயுற்றோரைக் காண்பது அரிதன்று. கால் பருத்து, தோல் தடித்து, நடக்கவும் தொழில் செய்யவும் இயலாமல் அவர்கள் வருந்தினர். உடல் துன்பத்தினும் ஊரார் பார்வையே அவர்களை மிகுதியாக வாட்டியது. இது முன்வினைப் பயன் என்றனர் சிலர். தண்ணீரின் குற்றம் என்றனர் வேறு சிலர். உண்மைக் காரணமோ நூலிழை போன்ற ஒரு புழு. அப்புழு உடலின் நிணநீர்க் குழாய்களில் தங்கி வாழ்கிறது. அது ஈனும் நுண்புழுக்கள் இரவு வேளையில் இரத்தத்தில் மிகுதியாக உலவுகின்றன. அழுக்கு நீரில் பிறக்கும் கொசு, இரத்தத்தோடு அவற்றையும் உறிஞ்சிப் பிறரிடம் சேர்க்கிறது. இப்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை 1877-ஆம் ஆண்டில் சீன நாட்டுத் துறைமுகம் ஒன்றில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் கண்டறிந்தார்.

காரணம் தெரிந்தும் தக்க மருந்து கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. அம்மருந்தைக் கண்ட ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது காந்தியடிகளின் அறப்போர் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் கதராடை அணிந்து கல்லூரிக்குச் சென்றார். அது கண்டு ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் சினந்தார். அதனால் உயர்ந்த பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது.

அவரது குடும்பத்தையும் நோய் விட்டு வைக்கவில்லை. வெப்ப நாடுகளில் குடலைத் தாக்கி உடலை உருக்கும் ஒருவகைக் கழிச்சல் நோயால், உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் மாண்டனர். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார். அந்நோயை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1920-களின் தொடக்கத்தில் பிறர் பொருளுதவியுடன் அமெரிக்கா சென்று, ஆர்வார்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய் மருத்துவம் பயின்றார். பிழைப்புக்காக மருத்துவமனையில் நோயாளரின் கழிகலங்களைத் துப்புரவு செய்யும் பணியையும் அவர் மேற்கொண்டார்.

பின்னர் 1940-ஆம் ஆண்டில் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்தார். அவருடைய குழுவினர் 1945-ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற அக்கழிச்சல் நோய்க்கு அது பயன்தரும் மருந்தாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட வீரர் பலரை யானைக்கால் நோய்ப் புழு பற்றியது. அக்காலத்தில் இருந்த மருந்துகளோ நஞ்சு போன்றவை. சுப்பாராவின் குழுவினர் வேதிப்பொருள் பலவற்றை, இத்தகைய புழுக்கள் உள்ள எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்து ஆராய்ந்தனர். 1947-ஆம் ஆண்டில் டைஎதில்கார்பமசின் என்னும் மருந்து உலகுக்குக் கிடைத்தது. இன்று நாம் டி.இ.சி. மாத்திரை என்று அழைப்பது இதுவே. ஊசியின்றி வாயால் உண்ணத்தக்க இம்மருந்து, இரத்தத்தில் உலவும் நுண்புழுக்களை விரைந்து அழிக்கும். புகழைத் தம் உடன் உழைத்தோர்க்கே விட்டுக்கொடுத்த சுப்பாராவ், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், தாய்நாட்டுக்குத் திரும்பாமலேயே மறைந்தார். 1995-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

மருந்து கிடைத்ததும் நோய் ஒழிந்துவிட்டதா? இல்லை. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. முற்றிப் பருத்த காலை இம்மருந்து பழைய நிலைக்குக் கொணராது. நுண்புழுவைத் தாங்கியிருப்போர் பலர், நோயின் குறி எதுவும் இன்றி நலமாகவே தோன்றுவர். பிறருக்கு நோய் பரவுவதோ அவர்களிடமிருந்தே. ஆதலின், நோயில்லை என்று எண்ணுவோரும் மருந்துண்ண வேண்டும். நலமாக இருப்பவனை மருந்துண்ணச் செய்வது எங்ஙனம்?

இவ்விடத்தில்தான் உப்பு துணை செய்தது. டி.இ.சி. மருந்து அடுப்பு வெப்பத்தில் கெடுவதில்லை. எனவே அதனைச் சிறிதளவு சமையல் உப்பில் கலந்து மக்களுக்கு வழங்கினர். சோற்றோடும் குழம்போடும் மருந்தும் நாள்தோறும் உடலில் சேர்ந்தது. 1980-களில் காரைக்கால் பகுதியில் இம்முறை கையாளப்பட்டது. சீன நாட்டில் மாத்திரையும் மருந்துப்பும் பேரளவில் வழங்கப்பட்டன. அந்நாடு 2007-ஆம் ஆண்டில் இந்நோயை ஒழித்த நிலையை எய்தியது. மரக்காணத்திற்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், நோய் பரப்பும் கொசு முதலியவற்றைப் பற்றி ஆராயும் நடுவண் அரசு நிறுவனம் ஒன்று 1975-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் கொசு பெருகாமல் தடுக்கும் வழிகளை அந்நிறுவனத்தார் அந்நகரிலேயே செய்து காட்டினர்.

2000-ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம், நோயுள்ள பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை அனைவருக்கும் மாத்திரை வழங்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. நம் அண்டை நாடாகிய இலங்கை 2016-ஆம் ஆண்டில் இந்நோயினின்றும் விடுபட்டது. இந்தியாவிலோ பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மாத்திரையைக் கையில் வாங்கி, உண்ணாமல் எறிந்துவிடுவோர் உளர். "எனக்குத்தான் நோயில்லையே" என்பது அவர் கூறும் காரணம். அவர் உண்ணாத மாத்திரையால் அடுத்த வீட்டுக் குழந்தையின் கால் பருக்கலாம் என்பதை அவர் நினைப்பதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டுப் பழமொழி. சுப்பாராவின் பெயரை அறியாத எண்ணிறந்த மக்கள் அவர் குழுவினர் தந்த மருந்தை உப்போடும் உண்டனர், மாத்திரையாகவும் உண்டனர். அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி, அவரைப் புகழ்ந்து பேசுவதோடு அமைவதன்று. நீர் தேங்காமல் வீதியைப் பேணுதலும், மருந்து தருவோர் வாயிலுக்கு வரும்போது பிறர் நலம் கருதி அதனை மறுக்காமல் உண்ணுதலுமே அந்நன்றியாகும்.