ஆய்விதழில் வந்தால் அது உண்மையா?

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

கம்யூனிகேஷன் பாடத்தில் இரைச்சல், அதாவது நாய்ஸ் பற்றி ஒரு பகுதி வருகிறது. நான்கு, கே, டி, பி, ஆர் எல்லாவற்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தெர்மல் நாய்ஸ் வோல்டேஜ் கிடைக்கும் என்று மனப்பாடம் செய்கிறோம். ஆனால் இதை முதலில் சொன்னது யார், எங்கே சொன்னார், அவர் சொன்னது சரிதான் என்று யார் பார்த்தார்கள்?

சொன்னவர் பெயர் ஜான்சன். அமெரிக்காவில் பெல் லேப்ஸ் என்னும் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். தான் அளந்ததை 1928-ல் 'பிசிக்கல் ரிவ்யூ' என்ற ஆய்விதழில் வெளியிட்டார். நைக்விஸ்ட் என்பவர் அதற்கான கணக்கை அதே ஆண்டு அதே இதழில் எழுதினார். நம் பாடப்புத்தகத்தில் இருக்கிற சூத்திரங்களில் பல இப்படி எங்கோ ஓர் ஆய்விதழில் பிறந்து, பல கை மாறி, கடைசியில் நம்ம கைக்கு வந்தவைதான். மேலே டேங்கில் விழுந்தது கீழே குழாயில் வராமல் போகுமா? அதனால்தான் ஆய்விதழ்களின் நெறிமுறை பற்றி எழுத நினைத்தேன். பிற்காலத்தில் அதே பெல் லேப்ஸில் ஒரு பெரிய மோசடி நடந்தது. அதைக் காட்டிக்கொடுத்ததும் இந்த இரைச்சல்தான்.

முதலில் ஆய்விதழ் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1665-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் 'பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது. இப்போதைய முறைப்படி, ஒருவர் கட்டுரை அனுப்பினால் இதழாசிரியர் அதை அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பெயரும் பொதுவாக வெளியே தெரியாது. நம்ம போர்டு எக்ஸாம் பேப்பரை யாரோ வேறு ஊர் சார் திருத்துகிற மாதிரி. அவர்கள் சரி என்றால் அச்சு, இல்லை என்றால் திருத்தம் அல்லது வாபஸ்.

எழுதுகிறவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அளந்ததை அளந்தபடி எழுத வேண்டும், அடுத்தவர் உழைப்பை எடுத்தால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக்கூடாது. வேலை செய்தவர் பெயர் விடுபடக்கூடாது, செய்யாதவர் பெயர் ஏறவும் கூடாது. திருத்துகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. படித்ததை வெளியே சொல்லக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை. 1987-ல் அமெரிக்காவில் பால் சூ குழுவினர் 93 கெல்வினில் மீகடத்தியாகும் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்தது இட்ரியம். ஆனால் அவர்கள் முதலில் அனுப்பிய கட்டுரையில் எல்லா இடத்திலும் இட்டர்பியம் என்று இருந்தது! அச்சாவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் திருத்தம் போனது. டைப்பிங் பிழை என்றார் சூ. ஆனால் அதற்குள் இட்டர்பியம் என்ற வதந்தி பல ஆய்வுக்கூடங்களுக்கு எட்டியிருந்தது. பிழையோ தந்திரமோ, ரகசியம் கசிந்தது மட்டும் நிச்சயம்.

இனி பெரிய கதைக்கு வருவோம். யான் ஹெண்ட்ரிக் ஷோன் ஒரு ஜெர்மானியர். 1997-ல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று பெல் லேப்ஸில் சேர்ந்தார். டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டைனும் ஜெர்மானியத் துண்டை வைத்துச் செய்தார்களே, அதே கூடம். ஷோன் சிலிக்கானை விட்டுவிட்டு கரிமப் பொருள்களை எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் மாதிரியான பொருளில் டிரான்சிஸ்டர், மீகடத்தி, லேசர், கடைசியில் ஒற்றை மூலக்கூறு அளவிலான டிரான்சிஸ்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தார். 2001-ல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு கட்டுரையில் அவர் பெயர் வந்தது. நமக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட் முடித்து ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்கவே எட்டு நாள் போதவில்லை! 'சயன்ஸ்', 'நேச்சர்' என்ற உலகின் முதல் தர இதழ்களில்தான் பல கட்டுரைகள் வந்தன. பரிசுகளும் வந்தன. நோபல் கிடைக்கும் என்று பேசினார்கள்.

ஆனால் வேறு எந்த லேபிலும் அந்த ரீடிங் வரவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் முயன்றார்கள். ஷோன் கை ராசியான கை, நம்ம கைதான் சரியில்லை என்று நினைத்தார்கள். எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. பரிசு போனால் போகட்டும். பொய்யைத் துரத்திக்கொண்டு ஓடிய அந்தப் பையன்களின் வருடங்களை யார் திருப்பித் தருவது?

2002 வசந்த காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பால் மெக்யூவன், பிரின்ஸ்டனின் லிடியா சோன் என்ற இரு பேராசிரியர்கள் ஷோனின் கிராஃப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருள் வேறு, கட்டுரை வேறு, இதழும் வேறு. ஆனால் கோட்டின் மேல் இருக்கிற சின்னச் சின்ன நடுக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. இங்கேதான் நாம் படித்த பாடம் உதவுகிறது. இரைச்சல் என்பது எலெக்ட்ரான்கள் தாறுமாறாக அலைவதால் வருவது. அதே சர்க்யூட்டை அதே மேஜையில் அடுத்த நிமிஷம் அளந்தாலும் அதே நடுக்கம் திரும்ப வராது. சிக்னல் ஒத்துப்போகலாம், இரைச்சல் ஒத்துப்போகாது. அப்படியானால் ஒரே கோட்டைப் பெயர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெல் லேப்ஸ் 2002 மே மாதம் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மால்கம் பீஸ்லி தலைமையில் குழு அமைத்தது. அசல் அளவீடுகளைக் கேட்டார்கள். ஷோன் ஒழுங்கான லேப் நோட் வைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் ஃபைல்களை அழித்துவிட்டேன் என்றார். சாம்பிள்களும் சேதமாகிவிட்டன அல்லது தூக்கி எறியப்பட்டுவிட்டன. சில இடங்களில் அளவீட்டுக்குப் பதிலாகக் கணக்குச் சூத்திரத்திலிருந்து கோடு வரைந்தது தெரியவந்தது. செப்டம்பரில் அறிக்கை வந்தது. 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதி. வேலை போனது. 'சயன்ஸ்' 2002-ல் எட்டுக் கட்டுரைகளையும், 'நேச்சர்' 2003-ல் ஏழு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன. தான் கண்ட விளைவுகள் உண்மை என்றே ஷோன் கடைசிவரை சொன்னார்.

சரி, திருத்துகிறவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அவர்கள் கைக்கு வருவது கட்டுரை மட்டும்தான். லேபுக்குள் வந்து மீட்டரைப் பார்க்க முடியாது. எழுதியவர் மனசாட்சியோடு அளந்தார் என்று நம்பித்தான் தொடங்குகிறார்கள். வீட்டைப் பார்க்காமல் பிளானை மட்டும் பார்த்து அப்ரூவல் தருவது மாதிரி. எங்கப்பா கொத்தனார். இந்தக் கதையைச் சொன்னபோது, "கூட நின்ன ஆளுங்க யாருமே தூக்குக்குண்டு போட்டுப் பாக்கலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் விசாரணைக்குப் பிறகு உலகமே கேட்டது. கட்டுரைகளில் இருபது பேர் வரை கூட்டாசிரியர்களாக இருந்தார்கள். மூத்த விஞ்ஞானி பாட்லாக் பெயர் பலவற்றில் உண்டு. அவர்கள் மோசடி செய்யவில்லை என்று குழு சொன்னது. ஆனால் பெயர் போட்டுக்கொள்ளும் மூத்தவர் எவ்வளவு பார்த்திருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை என்றும் சுட்டிக்காட்டியது. என்னைக் கேட்டால், பெருமையில் பங்கு என்றால் சோதிப்பதிலும் பங்கு இருக்க வேண்டும். இப்போது பல இதழ்கள் யார் எந்த வேலையைச் செய்தார் என்று கட்டுரைக் கடைசியில் அச்சிடுகின்றன, அசல் அளவீடுகளையும் கேட்கின்றன.

இது முதல் தர இதழ்களின் கதை. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் தனி ரகம். 2013-ல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் தப்பும் தவறுமான ஒரு மருந்து ஆய்வுக் கட்டுரையை வேண்டுமென்றே தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! நம் நாட்டிலும் பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்று யு.ஜி.சி. வைத்திருந்த காலத்தில் இந்த வியாபாரம் கொழுத்தது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பி என்றால் மாணவர் பதிவே ரத்து.

நமக்கும் ஆய்விதழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்ம ஊர் லேப்களில் ரீடிங் சரியாக வராவிட்டால் சீனியர் ரெக்கார்டு கை மாறுகிறது. டையோடு வேறு, மீட்டர் வேறு, ஆனால் முழு வகுப்புக்கும் ஒரே வளைவு! மெக்யூவன் சார் நம்ம அலமாரியைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். ரீடிங் விலகி வந்தால் மார்க் போகும் என்ற பயம்தான் காரணம். விலகியது ஏன் என்று எழுதுகிறவனுக்கு மார்க் கொடுத்தால் பாதி காப்பி நின்றுவிடும் என்பது என் தாழ்மையான கருத்து. எங்க அம்மா மாதிரி ஆட்களுக்கு அச்சில் வந்தால் அது சத்தியம். "படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்பார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் மருந்து வாங்குகிறார், தடுப்பூசி போடுகிறார்.

திரும்பப் பெற்ற கட்டுரையைக் கிழித்து எறிவதில்லை. அது இதழின் பழைய பக்கத்திலேயே இருக்கும், திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்புடன். ஷோனின் கட்டுரைகளை இன்றும் அப்படியே பார்க்கலாம்.

கடைசியாக ஒரு சங்கதி. 2004-ல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் ஷோனின் டாக்டர் பட்டத்தையும் பறித்தது. ஆய்வேட்டில் மோசடி என்று நிரூபிக்கப்படவில்லை. பிற்கால நடத்தையால் பட்டத்துக்குத் தகுதியற்றவர் ஆகிவிட்டார் என்பதே காரணம். அவர் வழக்குப் போட்டார். 2010-ல் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார், 2011-ல் மேல் கோர்ட்டில் தோற்றார், 2013-ல் நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றமும் பல்கலைக்கழகம் செய்தது செல்லும் என்றது. எங்கள் ஹாஸ்டலில் இதைப் பற்றி இரவு பன்னிரண்டு மணிவரை சண்டை. ஒழுங்காக எழுதி வாங்கிய பட்டத்தை, பின்னால் வேறு நாட்டில் செய்த தப்புக்காகப் பிடுங்குவது நியாயமா என்றான் ஒருவன். எங்கள் குடும்பத்தில் சர்டிபிகேட் வாங்கப்போகும் முதல் ஆள் நான். அதனால் அந்தக் கேள்வி என்னையும் குத்தியது. இருந்தாலும் கோர்ட் பக்கம்தான் நான் பேசினேன். இவர் அளந்ததாகச் சொன்னால் அடுத்தவர் மறுபடி அளக்காமலே நம்பலாம் என்பதற்குத்தானே அந்தத் தாளைக் கொடுக்கிறார்கள்?