தோணி வெடிப்பதும் இறப்பர் தடுப்பதும்

இலங்கையின் செட்டிபாளையத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டிலும் பைபர் தோணிகள் ஓடுகின்றன. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்ததை ஐ.நா. உணவு விவசாய அமைப்பே சுட்டிக்காட்டியது. தோணியை நம்பித்தான் ஆள் கடலுக்குப் போகிறார். அதனால் தோணியின் பைபரைப் பிணைத்து இறுகும் ரெசினைப் பற்றிய பிழையான நம்பிக்கைகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: ரெசின் எவ்வளவு கடினமாக இறுகுகிறதோ, அவ்வளவு பலம்.

உண்மை: இறுகும்போது ரெசினின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து வலையாகின்றன. பிணைப்பு நெருங்கினால் கடினம் கூடும். சங்கிலிகள் அசைய இடமிராது. கல்லில் இடிபட்ட தோணியில் நட்சத்திரம் போல மயிர்வெடிப்பு விழுவது அதனால்தான். ரெசினை இறுக வைக்கும் கற்றலிஸ்டைக் கூடுதலாக ஊற்றினாலும் பலம் வராது. வழமையான அளவு 1 முதல் 2 வீதம். மிஞ்சினால் ரெசின் சூடேறிச் சுருங்கித் தானே வெடிக்கும்.

நம்பிக்கை: இறப்பர் சேர்த்தால் ரெசின் இளகிப்போகும்.

உண்மை: 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மெக்கரி குழுவினர் எபொக்சி என்ற ரெசினில் திரவ நைட்ரைல் இறப்பரைக் கலந்து இதைச் சோதித்தார்கள். கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. முதலில் கரைந்திருக்கும் இறப்பர், எபொக்சி இறுகும்போது பிரிந்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோன் அளவுள்ள மணிகளாகத் தங்கும். வெடிப்பின் நுனி நெருங்கும்போது அம்மணிகளுக்குள் வெற்றிடம் பிறக்கிறது. சுற்றியுள்ள ரெசின் உடையாமல் இழுபட்டு நெளிகிறது. வெடிப்பை ஓட்டும் சக்தி அதிலேயே செலவாகிவிடும். 5 முதல் 15 வீத இறப்பரிலேயே, வெடிப்பு ஓடத் தேவையான சக்தி பல மடங்காகலாம். விறைப்பும் வெப்பம் தாங்குவதும் ஓரளவு குறையும், உண்மைதான். விமானப் பாகங்களில் அந்த இழப்பு கூடாது. அங்கே பொலிஈதர்சல்போன் போன்ற பிளாஸ்டிக்கைச் சேர்க்கிறார்கள்.

நம்பிக்கை: அப்படியென்றால் ரெசின் வாளியில் இறப்பர் பாலை ஊற்றலாம்.

உண்மை: ஊற்றவே கூடாது. இறப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ரெசின் ஒழுங்காக இறுகாது. சாதாரண பொலியெஸ்டர் ரெசினோடு திரவ நைட்ரைல் இறப்பரே சரியாக ஒத்துப்போவதில்லை. அடிபடும் அடிப்பாகத்துக்கு, தயாரிக்கும்போதே இறப்பர் இணைத்த வினைல் எஸ்டர் ரெசினைக் கேட்டு வாங்குங்கள். பழைய தோணியில் வெடிப்பு இருந்தால், மேலே ரெசின் பூசி மறைக்காமல், நல்ல பைபர் தெரியும்வரை உரஞ்சி, காயவிட்டு, புது பைபர் மெற் வைத்துக் கட்டுங்கள்.