வழி சொல்பவருக்கும் ஒரு விலாசம்



தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் உங்களுக்காக, தொழிலில் நான் பிழைவிட்டுக் கற்ற பாடமொன்றை எழுதுகிறேன்.

ஓர் அலுவலகத்தில் ஆரக்கிள் தரவுத்தளங்களைப் பராமரிப்பது எனது வேலை. ‘சம்பளம்’ என்று பெயரைக் கொடுத்தால், கணினி அத்தரவுத்தளத்துடன் இணைய வேண்டும். அதற்கு, அது எந்தச் சேவையகத்தில், எந்தத் துறை எண்ணில் இருக்கிறது என்ற விலாசம் தேவை. முன்னர் இவ்விலாசங்களை ஒவ்வொரு கணினியிலும் ‘டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா’ என்ற கோப்பில் எழுதிவைத்தோம். தரவுத்தளம் இடம் மாறினால் எல்லாக் கணினிகளிலும் திருத்த வேண்டும். ஆகவே, விலாசங்கள் அனைத்தையும் ஓர் அடைவுச் சேவையகத்தில் சேர்த்தோம். எல்டாப் என்ற நெறிமுறையில் கேட்டால் அது விலாசத்தைச் சொல்லும்.

இதை வீட்டில் விளக்கியபோது உம்மா கேட்டார்: “சந்திக் கடை நானாக்கிட்டக் கேட்டா எல்லார்ட ஊடும் சொல்லுவார். அந்தக் கடை எங்க எண்டு ஆரு சொல்றது?”

சரியான கேள்வி! அதற்கு விடைதான் ‘எல்டாப்.ஓரா’ என்ற சிறு கோப்பு. அதில் மூன்று விடயங்களை எழுத வேண்டும்.

1. அடைவுச் சேவையகத்தின் பெயரும் துறை எண்களும். வழக்கமாகச் சாதாரண இணைப்புக்கு 389, மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்கு 636.
2. அடைவின் எந்தக் கிளையில் தேடுவது என்பது.
3. அது எந்த வகை அடைவு என்பது.

அத்துடன் ‘எஸ்கியூஎல்நெட்.ஓரா’ என்ற கோப்பில், பெயரை எங்கெங்கே, எந்த ஒழுங்கில் தேடுவது என்றும் குறிக்க வேண்டும்.

நான் ஒரே ஒரு சேவையகத்தின் பெயரையே எழுதினேன். தேடும் இடமாகவும் எல்டாப்பை மட்டும் குறித்தேன். பழைய கோப்புகளையும் அழித்துவிட்டேன்.

ஒரு சம்பள நாளன்று அந்த அடைவுச் சேவையகம் நின்றுபோனது. ஏற்கெனவே இணைந்திருந்தவர்களுக்கு ஒரு குறையுமில்லை; விலாசம் கேட்பது இணையும் நேரத்தில் மட்டும்தானே. புதிதாக இணைய முயன்ற அனைவருக்கும் 12154 என்ற பிழை எண் வந்தது. பெயருக்குரிய விலாசம் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். தரவுத்தளம் நலமாக இயங்கிக்கொண்டிருந்தது. அதனிடம் போக வழிதான் இல்லை. சம்பளத்தை நம்பிக் காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது.

திருத்தம் ஒரே வரிதான். முதல் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டு, இரண்டாவது அடைவுச் சேவையகத்தின் பெயரைச் சேர்த்தேன். முதலாவது பதில் தராவிட்டால் இரண்டாவதிடம் கேட்கும்.

தங்கைகளே, எதையும் ஓரிடத்தில் சேர்த்துவைப்பது வசதிதான். ஆனால் அந்த ஓரிடம் இல்லாமற்போனால் என்ன செய்வது என்பதையும் அன்றே எழுதிவையுங்கள்.