ஞாயிற்றுப் புள்ளிகளும் திருப்பதி வெயிலும்

சித்தூரிலும் திருப்பதியிலும் கோடை முற்றினால், “இவ்வாண்டு கதிரவனின் சீற்றம் மிகுதி” என்பது எல்லார் வாயிலும் வரும் பேச்சு. கதிரவன் உண்மையிலேயே ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றானா? அம்மாற்றம் நம் ஊர் வெப்பமானியில் தெரியுமா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

கதிரவன் மாறுவது உண்மையே. அவன் முகத்துக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கொருமுறை பெருகிக் குறைகின்றன; இப்புள்ளிகளின் சுழற்சியைக் கண்டறிந்தவர் ஜெர்மானியரான ஷ்வாபே. நம் கோடைக்கானல் வானாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இப்புள்ளிகளைக் கண்காணித்து வருகிறது. புள்ளி மிகுந்தால் ஒளி குன்றும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், புள்ளிகளோடு தோன்றும் ஒளித்திட்டுகள் அக்குறையை ஈடுசெய்து மிஞ்சிவிடுகின்றன. ஆகவே, புள்ளி மிகுந்த ஆண்டில் கதிரவன் சற்றே கூடுதலாக ஒளிர்கின்றான்.

எவ்வளவு கூடுதல்? காற்று மண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் வந்து சேர்கிறது. இதில் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கே. உலகச் சராசரி வெப்பநிலையில் இதன் விளைவு சுமார் 0.1 டிகிரி செல்சியசு. ஒரு மேகம் கடந்தால் திருப்பதியில் இதனினும் மிகுதியாக வெப்பம் மாறும்!

இன்னொரு சான்றும் நம் ஊரிலேயே உண்டு. கதிரவன் நம் உச்சிக்கு நேரே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் ஆக இருமுறை வருகின்றான். இருமுறையும் உச்சி அதே உச்சிதான். வெயில் மட்டும் அதே வெயிலன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் முகிலும் ஈரமும் ஆகஸ்டைத் தணித்துவிடுகின்றன. ஓரூரின் வெப்பத்தில் முகில், மண்ணின் ஈரம், காற்றின் திசை ஆகியவற்றின் கை பெரிது என்பது இதனால் விளங்கும்.

புள்ளிகளை அளவின்றி நம்பிய வரலாறும் உண்டு. 1876–78-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். சித்தூரும் திருப்பதியும் அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. புள்ளி குறைந்த ஆண்டுகளில் மழையும் குறையும், பஞ்சம் வரும் என்று 1877-இல் வில்லியம் ஹண்டர் எழுதினார். இக்கொள்கை நிலைக்கவில்லை. பின்னர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர், ஞாயிற்றுப் புள்ளிகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். பயன்தரும் தொடர்பை அவர் கண்டது பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்த ஊசலாட்டத்தில்தான். 1877-இல் பசிபிக்கில் கடுமையான எல் நினோ நிலவியதை இன்று அறிவோம்.

மாணவத் தோழர்களே! முப்பது ஆண்டு வெப்பக் கணக்கைத் திரட்டினாலும் அதில் அடங்குவன மூன்று புள்ளிச் சுழற்சிகளுக்கும் குறைவே. மூன்று முறை ஒத்துப்போவது தற்செயலாகவும் நிகழக்கூடும். 1980-களுக்குப் பின் கதிரவனின் செயல் சற்றுத் தளர்ந்திருக்க, உலக வெப்பமோ ஏறியே வந்துள்ளது; அதற்குக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் கரியமில வாயு. பழியைக் கதிரவன்மேல் ஏற்றிவிட்டால் நம் கடமை மறந்துபோகும். இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறுவதைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள். காரணம் என்ன, அளவு என்ன என்று கேளுங்கள். அறிவியல் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.