பெட்டியில் வேண்டாம், அந்த விதை

கேள்வி: ஐயா, மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. வரப்போரத்தில் பத்துப் பன்னிரண்டு மாமரம். மகன் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டில், குமாசி என்ற ஊரில் வேலை பார்க்கிறான். வீடியோவில் பேசும்போது சந்தையைக் காட்டுவான். மாம்பழம், பப்பாளி, அன்னாசி, வாழை எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது. பெயர் தெரியாத பழங்களும் உண்டு. அலாசா என்று ஒன்று, யோயி என்று ஒன்று. ஆக்கி என்று ஒரு பழம், சிவப்பாக வெடித்து மூன்று கறுப்புக் கொட்டை தெரிகிறது. அது ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னாராம். என் வீட்டுக்காரருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை நோய். புளிப்பை இனிப்பாக மாற்றும் பழமும் அந்தப் பக்கம்தான் விளையுமாமே? ஆனியில் ஊருக்கு வரும்போது எல்லாவற்றிலும் விதை கொண்டு வரட்டுமா என்று கேட்கிறான். நம்ம மண்ணுக்கு வருமா?
– ஒரு வாசகி, வாசுதேவநல்லூர்

பதில்: அம்மா, மகனுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். விதை எதுவும் வேண்டாம், ஆக்கி வேண்டவே வேண்டாம்.

முதலில் ஆக்கி. கூட வேலை பார்ப்பவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் ஆபத்து. பழுக்காத ஆக்கியில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது நம் உடம்பு கொழுப்பை எரித்துத்தான் காலம் தள்ளுகிறது. கல்லீரல் தானே சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. இந்த நஞ்சு அந்த இரண்டு வேலையையும் நிறுத்திவிடும். சர்க்கரை இறங்கும், ஆனால் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாந்தி, வலிப்பு, மயக்கம், சில நேரம் மரணம். 1998இல் கானாவுக்கு வடக்கே இருக்கும் புர்க்கினா ஃபாஸோவில் சின்னப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் இறந்தார்கள். இது மருந்து இல்லை அம்மா. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை போடுகிறவருக்கு இதைக் கொடுப்பது கிணற்றோரம் நிற்பவரைத் தள்ளிவிடுவது மாதிரி.

அப்புறம் எப்படி அதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். மரத்திலேயே காய் தானாக வெடித்து வாய் திறக்க வேண்டும். கறுப்புக் கொட்டையைத் தொடக்கூடாது. அதை ஒட்டியிருக்கும் வெண்ணெய் நிறச் சதையை மட்டும் எடுத்து, உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு நரம்பைக் கிள்ளி எறிந்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அடிமைக் கப்பல் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்குப் போய், இன்று அந்த நாட்டின் தேசியப் பழமாகவே ஆகிவிட்டது. உப்புக் கருவாட்டோடு வதக்கினால் பார்ப்பதற்கு முட்டைப் பொரியல் மாதிரி இருக்கும். அந்தப் பக்குவம் தலைமுறையாகக் கைவந்தவர்களுக்குச் சரி. தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் ஒரு மரத்தை வைத்துவிட்டு, வெடித்ததா இல்லையா என்று யார் காவல் இருப்பது?

ஆக்கியின் உறவுக்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வேலியில் படரும் முடக்கத்தான் காயை உடைத்துப் பாருங்கள். அதிலும் மூன்று அறை, கறுப்பு விதை. அதே குடும்பம்தான். பூந்திக்கொட்டை, ரம்புட்டான், லிச்சி எல்லாம் அந்தக் கிளை. பீகாரில் முசாஃபர்பூர் பக்கம் வருஷா வருஷம் கோடையில் குழந்தைகள் விடிகாலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். 2014இல் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு, லிச்சியிலும் இதே ஹைப்போகிளைசினும் அதன் சகோதர நஞ்சு ஒன்றும் இருப்பதைக் காட்டியது. பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு இரவு சாப்பிடாமல் படுத்த பிள்ளைகளைத்தான் அது அதிகம் தாக்கியது.

அடுத்து, புளிப்பை இனிப்பாக்கும் பழம். எலுமிச்சைக்காரர் வீட்டில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்! பழம் நிஜம்தான். காப்பிப் பழம் அளவில் சிவப்பாக இருக்கும். 1725 வாக்கிலேயே ஒரு பிரெஞ்சுப் பயணி, மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சாப்பாட்டுக்கு முன் இதை மெல்லுவதைக் குறித்து வைத்தார். புளித்த மாவுப் பண்டத்தையும் புளித்த கள்ளையும் ருசியாக்க அவர்கள் கண்ட வழி அது. இதில் மிராகுலின் என்ற புரதம் இருக்கிறது. நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் அது ஒட்டிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது ஒன்றும் செய்யாது. புளிப்பு பட்டதும் விழித்துக்கொண்டு, ‘இனிப்பு வந்திருக்கிறது’ என்று மூளைக்குத் தப்பான தகவல் சொல்லும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை இந்த வேடிக்கை. அதற்குள் உங்கள் தோட்டத்து எலுமிச்சையைக் கடித்தால் சர்பத் மாதிரி இருக்கும். பழத்தைச் சமைத்தால் புரதம் கெட்டுப்போகும். சும்மா மெல்ல வேண்டியதுதான்.

ஏமாறுவது நாக்கு மட்டுமே. எலுமிச்சையின் அமிலம் அமிலமாகவே வயிற்றுக்குள் போகும். இனிக்கிறதே என்று நாலு பழத்தை உறிஞ்சினால் ராத்திரி நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு குடிக்க ஒரு துணை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மருத்துவக் குணம் எதையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

இதற்கு விதை கொண்டு வரவும் தேவையில்லை. எடுத்த சில நாளில் முளைப்புத் திறன் போய்விடும்; பெட்டியில் வந்தால் பொட்டுதான். மிராக்கிள் ஃப்ரூட் என்ற பெயரில் இங்கே நர்சரிகளிலேயே கன்று கிடைக்கிறது. ஒன்றே ஒன்று வாங்கித் தொட்டியில் வையுங்கள். அதற்குப் புளிப்பான மண் வேண்டும். நம் செம்மண்ணும் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரும் பிடிக்காது. இலைமட்கு நிறையப் போட்டு, பாதி நிழலில் வைத்து, முடிந்தமட்டும் மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். நட்டு மூன்று நாலு வருஷம் பொறுமை வேண்டும். ஏக்கர் கணக்கில் போட்டால் லாபம் என்று யாராவது சொன்னால், அவர் கன்று விற்கிறவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அலாசா நம் சப்போட்டா, இலுப்பை, பாலைப்பழ வகையறா. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் தெரியும். பால் உதட்டில் ஒட்டும். யோயி எனக்குப் பிடித்த பழம். கறுப்பு வெல்வெட் துணி போர்த்திய சின்ன ஓடு, உள்ளே மாவு மாவாக ஆரஞ்சு நிறச் சதை, புளியங்காயின் சாயலில் இனிப்பும் புளிப்பும். அதற்காக ஏங்க வேண்டியதில்லை. நம் புளியமரமே ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்டதுதான். அரபு வணிகர்கள் ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயர் வைத்ததால் உலகமே அதை நம்முடையது என்று நினைக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் வடபகுதியில் இன்றும் புளி ஊற்றிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். உங்கள் பக்கத்து ஊர் தன் பெயரிலேயே அந்த மரத்தை வைத்திருக்கிறது, புளியங்குடி! பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து மாவும் வாழையும் எலுமிச்சையும் அங்கே போயிருக்கின்றன. பழுத்த ஏத்தன் மாதிரியான வாழையை இஞ்சி, மிளகாய் பிரட்டிப் பொரித்து ‘கெலவெலே’ என்று சாயங்காலம் விற்பார்கள். மகனிடம் பக்குவம் கேட்டுக்கொள்ளுங்கள், கொண்டு வர வேண்டியது அதுதான். பிரேசிலில் பிறந்த கொல்லாம்பழம், அதாவது முந்திரி, போர்ச்சுக்கீசியர் கையால் இரண்டு இடத்துக்கும் போனது. இன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பச்சைக் கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, நம் ஆட்கள் கையால் பருப்பாகிறது.

விதைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், விதையோடும் பழத்தோடும் கூட வருபவை அப்படி. 2003இல் கென்யாவில் ஒரு புதுப் பழ ஈ தென்பட்டது. நம் மாம்பழத்தைத் துளைக்கும் அதே ஆசிய இனம்தான் என்பது பின்னால் உறுதியானது. சில வருஷத்துக்குள் கண்டத்தைக் கடந்து கானாவின் மாந்தோப்புகளைப் பிடித்துக்கொண்டது. நம் பக்கமும் தப்பவில்லை. 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் மரவள்ளியைச் சுருட்டியது. அதை அடக்க ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து முறையாக அனுமதி வாங்கித் தருவித்து, சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். பூச்சி அனுமதி கேட்காமல் வந்தது, குளவி கேட்டு வந்தது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டு அரசின் பயிர்நலச் சான்றும் வேண்டும். மகன் பையில் போட்டுக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள். பிடுங்காவிட்டால்தான் உங்கள் எலுமிச்சைக்குக் கஷ்டம்.

ஆனியில் வருகிறான் என்றால் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும். அழைத்துப் போங்கள். அருவிப் பாதைக் கடைகளில் ரம்புட்டான் குவித்திருப்பார்கள். கானாவில் பார்த்த ஆக்கிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லி வாங்கிக் கொடுங்கள். வயிறாரச் சாப்பிட்ட பிறகு தின்னட்டும். வீட்டுக்காரருக்கு இரண்டு பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.